போறணைக்கு மேலுள்ள உத்தரம்

என் தம்பிக்குப் பதுளைக் கடைவீதியில் ஒரு பேக்கரி இருக்கிறது. மூன்று தட்டுக் கொங்கிரீட் கட்டடம். 1980களில் வேறொருவர் கட்டியதை 2004ஆம் ஆண்டில் அவன் வாங்கினான். கீழ்த் தட்டின் முன்புறம் கடை, பின்புறம் போறணை. நடுத் தட்டில் முன்னர் அவன் குடும்பம் இருந்தது. ஹாலி-எலைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு அது வெறுமையாகக் கிடந்தது. மேல் தட்டில், பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய பகுதிகளிலுள்ள தோட்டங்களிலிருந்து உயர்தர வகுப்புப் படிக்க வந்த பெண்பிள்ளைகள் பதினொருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு. அது கடைக்கும் போறணைக்கும் நடுவே செல்வது. சன்னல்களுக்கெல்லாம், திருடருக்கு அஞ்சி, இரும்புக் கம்பி அடித்திருந்தது.

மாவும் எரிவாயுவும் டீசலும் ஒரே காலத்தில் அருகிப்போன 2022ஆம் ஆண்டை நம் நாட்டில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டில் தம்பி பல நாட்கள் கடையைப் பூட்டினான். பூட்டாத நாட்களில், எரிவாயுப் போறணையை விட்டுவிட்டு, மூலையிற் கிடந்த பழைய விறகுப் போறணையைப் பற்றவைத்தான். அதன்பின் எரிவாயு வந்தும் விறகை அவன் விடவில்லை. விறகுப் போறணைப் பாணின் ருசியே வேறு என்று வாடிக்கைக்காரரும் சொன்னார்கள், அது உண்மைதான். அந்த ஆண்டு அவன் மனத்தில் இன்னொரு பிடிவாதத்தையும் விதைத்துவிட்டது. "இனி ஒரு மூட்டை மாவுக்காக ஒருவர் முன்னாலும் போய் நிற்கமாட்டேன், அண்ணே" என்றான். நடுத் தட்டு முழுவதும் மா மூட்டைகளை அடுக்கிச் சேமித்து வைப்பது என்பது அவன் திட்டம்.

அதற்குக் கட்டடம் இடங்கொடுக்கவில்லை. போறணைக்கு நேர் மேலே செல்லும் உத்தரத்தின் அடிப்பக்கத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. மேசன்மார் 'பீம்' என்று சொல்லும் இந்த உத்தரம்தான் நடுத் தட்டின் தரையைத் தாங்குவது. இடித்துக் கட்டப் பணமில்லை. கடையை மூடி வைக்கவும் மனமில்லை. அப்படியிருக்கையில்தான் கொழும்பிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். தம்முடன் ஒரு கறுப்புச் சுருளும் கொண்டு வந்தார்.

அந்தச் சுருளைப் பார்க்க நானும் போயிருந்தேன். ஒரு சாண் கூட அகலமில்லாத பட்டை, கனம் 1.2 மில்லிமீற்றர். குடைத்துணிக்கு அரக்குப் பூசினாற்போல் மினுமினுத்தது. தலைமயிரைவிட மெல்லிய காபன் இழைகளை ஆயிரமாயிரமாக ஒரே திசையில் நீட்டிக் கிடத்தி, பிசினால் இறுக்கிச் செய்தது. இரும்பின் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். இழுத்துப் பார்த்தால் சாதாரணக் கொங்கிரீட் கம்பியைவிடப் பல மடங்கு பலம். உத்தரத்தின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எப்பொக்சி என்னும் பசையைத் தடவி, இப்பட்டையை ஒட்டி அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. மறுவாரம் பாரம் ஏற்றலாம். போறணையைக்கூட இரண்டு நாளுக்குமேல் நிறுத்த வேண்டியதில்லை என்றார் ஒப்பந்தக்காரர். தம்பியின் முகம் மலர்ந்தது.

உத்தரத்தின் அடியில் ஏன் ஒட்டவேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1921ஆம் ஆண்டில் முடிந்த அந்தப் பாலத்தில் கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தாம் இருக்கின்றன; உருக்கு இல்லை. நூறாண்டு கடந்தும் ரயில் அதன்மீது ஓடுகிறது. காரணம், வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகிறது. கல்லும் கொங்கிரீட்டும் நெருக்கத்தைத் தாங்குவதில் வல்லவை. நேராகக் கிடக்கும் உத்தரத்தின் கதை வேறு. பாரம் ஏறும்போது அது நடுவில் சற்றே தொய்கிறது. அதன் மேற்பாதி நெருக்குண்ணும், கீழ்ப்பாதி இழுபடும். இழுபடுவதைத் தாங்கக் கொங்கிரீட்டுக்கு வலுவில்லை. நெருக்கத்தில் அதற்குள்ள பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவேதான் அடிப்பக்கத்தில் உருக்குக் கம்பி வைத்து வார்க்கிறார்கள். அக்கம்பி போதாமற் போனால், வெளியிலிருந்து இன்னொரு கம்பியைக் கொடுப்பது போன்றதுதான் இந்தப் பட்டை. முறிந்த கைக்கு நம் நாட்டு வைத்தியர் பத்துப் போட்டு மூங்கில் தப்பை வைத்துக் கட்டுகிறாரே, அதுபோல.

இது ஏமாற்று வித்தையும் அல்ல. சுவிட்சர்லாந்தில் லூசேர்ன் நகருக்கு அருகே இபாக் என்றொரு பாலம் உண்டு. வீதிச் சமிக்ஞை விளக்குப் பொருத்தத் துளையிட்டவர்கள், தவறுதலாகப் பாலத்துக்குள்ளிருந்த உருக்கு வடத்தை அறுத்துவிட்டார்கள். 1991ஆம் ஆண்டில் அந்தப் புண்ணுக்குக் காபன் பட்டைகளை ஒட்டி வைத்தியம் செய்தார்கள். உருக்குத் தகடாயின் 175 கிலோகிராம் வேண்டியிருந்திருக்கும். காபன் பட்டையில் 6.2 கிலோகிராமே போதுமாயிற்று. ஒரு சிறு மூட்டை அரிசி எடை! அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது. பூமியதிர்ச்சிக்கு அஞ்சும் ஜப்பானிலே பாலத் தூண்களுக்கெல்லாம் இந்த இழைத் துணியைச் சுற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு நின்ற நான், கீழே போறணை வாயில் விறகு எரிவதைப் பார்த்தேன். "தீப்பிடித்தால் இந்தப் பசை என்னவாகும்?" என்று கேட்டேன்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "கொங்கிரீட் எரியாது சேர்" என்றார்.

நான் கேட்டது கொங்கிரீட்டைப் பற்றியல்லவே.

நெருப்பைப் பற்றி நான் இப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தவன் நான். 1969ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. ஒரு மாலை நேரம், பக்கத்துக் காம்பராவில் போத்தல் விளக்கு சாய்ந்து தீப்பற்றிற்று. காம்பராக்களைப் பிரித்த சுவர்கள் கூரைவரை எழும்பாதவை; மேலே பத்துக் காம்பராவுக்கும் ஒரே வெளி. தகரத்தின் அடியில், கைமரங்களில், அறுபது வருடப் புகையும் கரியும் படிந்திருந்தது. ஒரு முனையிலே பற்றிய தீ, நாங்கள் பீலிக்கரையிலிருந்து இரண்டாவது குடம் தண்ணீர் கொண்டுவருமுன் மறு முனைக்குப் போய்விட்டது. ஆட்களுக்குச் சேதமில்லை. அம்மா தம்பியைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

எங்கள் காம்பராவில் பரணின்மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. தோட்டத்திற்கு வந்த தகர வேலைக்காரன் ஒருவனிடம் அப்பா சொல்லிச் செய்வித்தது. அடித்தகட்டையும் பக்கத் தகடுகளையும் பற்றாசு வைத்து இணைத்திருந்தான். அதற்குள்ளேதான் பிறப்புச் சான்றுகள், தாத்தா காலத்துத் துண்டுகள், தோட்டத்துக் கந்தோர் கடிதங்கள் எல்லாம் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்று லயந்தோறும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் தலைவிதி இருந்தது. அப்பா மண்வெட்டிப் பிடியை நீட்டிப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி இழுத்தார். பெட்டி வந்தது. மூடி வந்தது, பூட்டு வந்தது, நாலு பக்கத் தகடும் வந்தன. அடித்தகடு மட்டும் கழன்று, உள்ளிருந்த காகிதமெல்லாம் நெருப்பிலே கொட்டுண்டன.

மறுநாள் அப்பா அந்தப் பெட்டியை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தகரம் நல்ல தகரம்தான். பற்றாசுதான் இளகிப் போச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கச்சேரிக்கும் கந்தோருக்குமாக அவர் நடந்த நடையை எழுதினால் அது வேறு கட்டுரையாகும். பெரியப்பா குடும்பம் கப்பலேறிற்று. எங்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அப்போது அப்பா இல்லை.

பலமான இரண்டு பொருளை ஒரு பலவீனமான பொருள் இணைத்து நிற்கும்போது, நெருப்பு எதைத் தேடிப் போகும் என்பதை நான் அன்றே படித்துவிட்டேன். ஒப்பந்தக்காரர் காட்டிய பட்டையைத் தொட்டபோது என் கண்முன் நின்றது அந்தப் பெட்டிதான்.

என் தங்கையின் மகன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்துக் கொழும்பில் வேலையாயிருக்கிறான். ஒப்பந்தக்காரரின் பசை விவரத் தாளைப் படம் பிடித்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிரவே பேசினான். "மாமா, பசை எரிவது பின்னால் வரும் கதை. எரியுமுன் அது இளகிவிடும்" என்று தொடங்கினான்.

அவன் சொன்னதை என் நடையில் தருகிறேன். சாதாரண வெப்பத்தில் கட்டிப்படும் எப்பொக்சிப் பசைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வெப்பநிலையைத் தாண்டியதும் கண்ணாடிபோல் இறுகியிருந்த பசை ரப்பர்போல் ஆகிவிடும். வழக்கமான பசைகளுக்கு இவ்வரம்பு ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியஸுக்குள் இருக்கும். தேநீருக்குக் கொதிக்கும் தண்ணீரின் சூடுகூட இல்லை. காபன் இழை அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. ஆனால் உத்தரத்திலுள்ள இழுப்பைப் பட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பசைதான். பசை நழுவினால், உலகத்துப் பலமெல்லாம் பட்டையில் இருந்தும் உத்தரத்துக்கு ஒரு பயனுமில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமகே என்ற அம்மையார், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து இதையே ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார். காபன் ஒட்டிய கொங்கிரீட்டைச் சூடாக்கிப் பார்த்து, பிணைப்புக் கெடாதிருக்கவேண்டுமாயின் பசையின் வெப்பம் 70 பாகையைத் தாண்டலாகாது என்று கண்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நெருப்பு என்ன செய்கிறது? தீப்பரிசோதனைக்கென உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரு வெப்பக் கணக்கு உண்டு. அதன்படி, மூடிய அறையில் தீ வளரும்போது 5 நிமிடத்தில் 576 பாகை. அரை மணியில் 842. ஒரு மணியில் 945. காப்பு எதுவும் பூசாத பசைக்கு இதில் ஆயுள் சில நிமிடங்களே.

கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் கதி அப்படியல்ல. ஓர் அங்குலக் கொங்கிரீட் அதற்குப் போர்வை. கொங்கிரீட் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். கம்பி 550, 600 பாகைக்கு வரும்போதுதான் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். அந்தச் சூடு உள்ளே போய்ச் சேர வெகுநேரம் பிடிக்கும். வீட்டுக்குள்ளே கம்பளி போர்த்துத் தூங்குகிறவனுக்கும், மழையில் வெளியே நிற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பிக்கும் பட்டைக்கும்.

"அதற்காகக் காபன் கூடாது என்று சொல்லவில்லை மாமா," என்றான் மருமகன். "தீயன்று அது இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். அப்போதும் கட்டடம் நிற்குமானால் தாராளமாக ஒட்டலாம்."

அமெரிக்கக் கொங்கிரீட் நிறுவகம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. பட்டை கழன்று போனாலும், பழைய உத்தரம் தனியாகவே, கட்டடத்தின் சொந்தப் பாரத்தில் 1.1 மடங்கையும், ஆட்களும் சாமான்களுமாகிய பாரத்தில் 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வல்லதாயிருக்க வேண்டும் என்பது அதன் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது. மருமகன் ஒரு கிழமை விடுமுறையில் வந்தபோது, பாண் சுற்றும் தாளிலே கணக்குப் போட்டுக் காட்டினான். நான் அதை இலேசாக்கித் தருகிறேன். உத்தரத்தின் பலம் 140 பங்கு என்று வையுங்கள். சொந்தப் பாரம் 60. நடுத் தட்டிலே ஒரு டியூசன் வகுப்பு நடத்தினால் ஆட்பாரம் 60 வரும். 60ஐ 1.1 ஆலும், 60ஐ 0.75 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 111. பட்டை கழன்றாலும் 140க்குள் அடங்குகிறது. மா மூட்டையைக் கூரைவரை அடுக்கினால் பாரம் 110 ஆகும். கணக்கு 148க்கு மேல் போய்விடுகிறது. அடங்காது. அதாவது, ஓர் உத்தரத்தால் ஓரளவு செய்யக்கூடிய வேலையை நன்றாகச் செய்வதற்குக் காபன் உதவும். அதனாற் செய்யவே முடியாத வேலையைச் செய்ய வைத்தால், தீ வரும் நாளில் அந்தக் கடனை ஒரே தவணையிற் கட்டவேண்டி வரும். தீயின்போது கொங்கிரீட்டும் கம்பியுமே பலம் குறைந்து நிற்கும் என்பதற்குத் தனிக் கணக்கு வேறு உண்டு. அதிலும் மா மூட்டை தோற்றது.

தம்பி தாளை வாங்கிப் பார்த்தான். "பதுளையில் எத்தனை பேக்கரி எரிந்து விழுந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றான்.

மருமகன் சென்னையைப் பற்றிச் சொன்னான். அண்ணாசாலையிலே 1959ஆம் ஆண்டில் திறந்த எல்.ஐ.சி. மாளிகை 1975ஆம் ஆண்டில் தீப்பற்றி எரிந்தது. செப்பனிட்டு இன்றும் நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடை மாளிகை பற்றியது. தீ நாள் முழுதும் அடங்காமல் எரிந்து, மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மிச்சத்தைப் பிறகு இடித்தார்கள். இரண்டும் கொங்கிரீட். எரியாத பொருள் என்பது ஒன்று, தீயைத் தாங்கும் கட்டடம் என்பது வேறு. தம்பி கேட்டுக்கொண்டான், ஒப்புக்கொள்ளவில்லை. தன் சொந்த உழைப்பில் வாங்கிய சுவரை அண்ணனும் மருமகனும் வந்து குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவனை அசைத்தது நெருப்பல்ல, வெறும் சூடு. கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைப் போறணை உத்தரத்துக்கு நேரே நீட்டினேன். காய்ச்சல் கணக்குக்கு மேலே போய்விட்டது என்று பிழை காட்டியது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். பிறகு, விஞ்ஞான ஆசிரியராயிருக்கும் நண்பரிடம் ஆய்வுகூட வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, களிமண் அப்பி உத்தரத்தின் அடியில் பொருத்தினேன். விடியற்காலை மூன்று மணிக்கு, ரோஸ் பாண் வேகும் நேரத்தில், தம்பியையே ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். 53 பாகை. ஒப்பந்தக்காரரின் தாளில் பசையின் வரம்பு 62 என்றிருந்தது. வழிகாட்டியின்படி, அன்றாடச் சூடு அந்த வரம்புக்கு 15 பாகை கீழேயே நிற்கவேண்டும், அதாவது 47. தீப்பிடிக்கவே வேண்டாம், நாளாந்தம் பாண் சுடும் சூடே அதைத் தாண்டிவிட்டது. ஏணியிலிருந்து இறங்கிய தம்பி வாய் திறக்கவில்லை. பணிஸ் தட்டை வெளியே இழுக்கப் போய்விட்டான்.

இதற்கு நடுவிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைப் பக்கமிருந்து ஒரு தாய் மகளைப் பார்க்க வந்தாள். கொழுந்தெடுக்கும் பெண். பையிலே ஈரப்பலாக்காயும் ஒரு போத்தல் நெய்யும். படிக்கட்டில் ஏறும்போது போறணையின் அனல் அடித்ததைப் பார்த்து, என்னிடம், "மாஸ்டர், இது வழியாத்தான் புள்ளைங்க எப்பவும் ஏறி எறங்கணுமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. லயத்திலே வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் கேட்டபோது தம்பி கல்லாவில் இருந்தான்.

முடிவாக என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; எல்லாம் என் விருப்பப்படி நடந்ததாக எண்ணவேண்டாம். விறகுப் போறணை பின்முற்றத்துக்குப் போயிற்று. தனிச் சுவரும் தனிக் கூரையும். பழைய போறணை உத்தரத்துக்குக் காபன் ஒட்டவில்லை. சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கொங்கிரீட் வார்த்து உடம்பைப் பருக்க வைத்தார்கள். அரும்பெரும் வேலை! தூசியும் சத்தமுமாக மூன்று கிழமை சென்றது. உத்தரம் மூன்று அங்குலம் கீழே இறங்கிற்று. உயரமான பையன் ஒருவன் இன்னும் தலையை இடித்துக்கொள்கிறான். ஆனால் அந்தக் கம்பிக்குக் கொங்கிரீட் போர்வை உண்டு.

முன்புறக் கடைக்கு மேலுள்ள இரண்டு உத்தரங்களுக்குக் காபன் பட்டை ஒட்டினோம். அங்கே அனலில்லை, மேலே நடக்கப்போவது டியூசன் வகுப்பு, கணக்கும் இடங்கொடுத்தது. பட்டைக்கு மேலே தீக்காப்புப் பூச்சுப் பூசுவதில்தான் மறுபடி சண்டை. சாதாரணச் சுண்ணாம்பு மணல் பூச்சுப் போதும் என்றார் ஒப்பந்தக்காரர். சூட்டில் அது உதிர்ந்து விழும். கேட்டது, வெர்மிக்குலைற் என்னும் உப்பிய கனிமத்தைக் கலந்த, தீப்பரிசோதனைச் சான்றுள்ள பூச்சு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தார் இழை சுற்றிய கொங்கிரீட் தூண்களுக்கு இப்படிப்பட்ட காப்புப் பூசி, பாரத்தோடு உலையிலே நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கின்றன. அங்கேயும் பசை கடைசிவரை தப்பியதென்று எண்ணக்கூடாது. பூச்சு உண்மையிற் காப்பாற்றியது உள்ளேயுள்ள பழைய கொங்கிரீட்டையும் கம்பியையும். அவை ஆறியிருந்ததால் தாமே பாரத்தைச் சுமந்தன. பட்டைக்குச் செலவழித்ததில் கணிசமான பங்கு இந்தப் பூச்சுக்குப் போயிற்று. "காணமுடியாத சாமானுக்கு மேல் காணமுடியாத சாமான்" என்று தம்பி முணுமுணுத்தான். எனினும் பணத்தை எண்ணி வைத்தான்.

மா மூட்டைகள் கீழ்த் தட்டிலே பக்கத்து அறையில், பலகைமேல், ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் இருக்கின்றன. இன்னொரு 2022 வந்தால் ஒரு மாதத்துக்குப்பின் என்ன செய்வது என்று தம்பி என்னைக் கேட்கிறான். அதற்கு என்னிடம் பதிலில்லை. அவன் பயமும் பொய்யான பயமல்ல.

கட்டடத்தின் பின்புறத்தில், மேல் தட்டிலிருந்து முற்றத்தின் மறு ஓரத்துக்கு இறங்கும்படி ஓர் இரும்புப் படிக்கட்டு வைத்தாயிற்று. சன்னலொன்றின் கம்பியை வெட்டி அதைக் கதவாக்கினோம். இது தம்பி தானாகவே செய்வித்தது, எனக்குச் சொல்லவுமில்லை. ஒருநாள் மாலை போய்ப் பார்த்தபோது, பச்சைச் சாயம் காயாமல் நின்றது. இப்போது அதிலே ஒரு தொல்லை. பதுளை வெயில் அந்தப் பக்கத்தில்தான் நன்றாக விழுகிறது. பிள்ளைகள் பள்ளிச் சீருடையெல்லாம் துவைத்து, படிக்கட்டின் கைபிடியில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை காயப்போட்டுவிடுகிறார்கள். தம்பி கீழே நின்று சத்தம் போடுகிறான். நான் பாண் வாங்கப் போகும்போதெல்லாம் படியேறி, "எடுங்கள் பிள்ளைகளே, வழியை விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். எடுக்கிறார்கள், மறுநாள் மறுபடி தொங்குகிறது.